மள்ளியக்கா

எங்கள் லேபுக்கு மாதாமாதம் சர்க்கரை பார்க்க வரும் பெரியம்மா ஒருவர், ஒருநாள் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தைக் கொண்டுவந்து அக்காவின் மேசைமேல் வைத்தார். “உன் பேரு மல்லியாமே கண்ணு. அதான் வர்ற வழியில ஒரு மொழம் எடுத்தாந்தேன்” என்றார். உள்ளே நின்றிருந்த நாங்கள் நாலு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அக்காவின் பெயர் மல்லி இல்லை. நாங்கள் கூப்பிட்டது மள்ளியக்கா. தெலுங்கில் ‘மள்ளி’ என்றால் ‘மறுபடியும்’. ரிப்போர்ட் எங்கே என்று யார் வந்து நின்றாலும், “மள்ளி ஒகசாரி சூஸி இஸ்தானு” என்பாள். மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வரும். அதையே எடுத்து அவளுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். அவளும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான்.

பெரியம்மாவிடம் அவள் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சரத்தை எடுத்து முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அளந்தாள். “ஒரு மொழம் இல்லியே பெரிம்மா, ரெண்டு வெரக்கட கம்மியா கீதே” என்றாள். பிறகு அதிலும் சந்தேகம் வந்து, இடது கையில் வைத்து இன்னொரு தடவை அளந்தாள். அதற்கப்புறம்தான் தலையில் வைத்துக்கொண்டாள்.

திருப்பதியில் தெருவுக்குத் தெரு லேப் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மாடியில் கம்ப்யூட்டர் சென்டர், முனையில் எஸ்.டி.டி. பூத், நடுவில் எங்கள் லேப். பட்டணத்திலிருந்து யாரோ கோட்டுப் போட்டவர்கள் வந்து ஒரு ஜெர்மனி மெஷினை வைத்துவிட்டுப் போனார்கள். ரத்தத்தை ஊற்றினால் பத்து நிமிடத்தில் நம்பர் வரும். அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்து, உறையில் போட்டுக் கொடுப்பது என் வேலை. ரத்தத்தைச் சோதித்து நம்பரை எனக்குத் தருவது அக்காவின் வேலை. என்னைவிட நாலு வயது மூத்தவள். மெஷின் சொன்ன நம்பரை அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதுவாள். மறுபடி பார்த்தபிறகு அதன்மேல் பேனாவால் எழுதுவாள். பேனா எழுத்து விழாத நம்பரை நான் அடிக்கக் கூடாது.

“ஜெர்மனிக்காரன் செஞ்ச மெஷினும்மா இது” என்று லேப் டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அவர்தான் லேபுக்குச் சொந்தக்காரரும்.

“செஞ்சது ஜெர்மனிக்காரன்தான் சார். இங்க கரண்ட் குடுக்கறது நம்ம ஆளுங்கதான?” என்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே ரயிலில் போய்வருகிறவர்கள். அவள் நகரியில் ஏறுவாள். நான் புத்தூரில் ஏறுவேன். எனக்கு ஜன்னல் ஓரம் இடம் போட்டு வைத்திருப்பாள். ஆறு வருஷமாக அதே வண்டி, அதே பெட்டி. ஆனாலும் நான் உட்கார்ந்ததும் எதிரில் இருப்பவரிடம், “இது திருப்பதி போற வண்டிதானுங்க?” என்று கேட்பாள். எனக்கு மானம் போகும். ஒருநாள் எங்கள் வண்டி ரேணிகுண்டாவோடு நின்றுவிட்டது. வேறு வண்டி பிடிக்க வேண்டும். சீசன் டிக்கெட் கும்பல் முழுக்க எதிர்ப் பிளாட்பாரத்து வண்டியில் பாய்ந்து ஏறியது. அக்கா மட்டும் இறங்கி நின்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏறுக்கா, வண்டி கெளம்புது” என்று நான் உள்ளிருந்து கத்தினேன். வண்டி கிளம்பிவிட்டது. அது கூடூர் வண்டி. நாங்கள் ஏர்ப்பேட்டில் இறங்கி, வெயிலில் காத்திருந்து, மதியத்துக்குமேல் லேபுக்கு வந்து சேர்ந்தபோது அவள் முப்பது ரிப்போர்ட்டுகளை முடித்திருந்தாள். ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. “துன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆன கதையும் இப்படித்தான். அப்போது ஊரில் யாரைப் பார்த்தாலும் பிள்ளை அமெரிக்கா போகிறான், பெண் பார்க்கிறோம் என்பார்கள். அப்படி ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளை அவளைப் பார்க்க வந்தார். பஜ்ஜி சாப்பிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டதற்கு, “ஒரு வாட்டி பாத்தா இன்னா தெரியும்? இன்னொரு வாட்டி வரச் சொல்லுங்க” என்றிருக்கிறாள். அவர் இரண்டாவது தடவையும் வந்தார். மூன்றாவது தடவை வரச் சொன்னபோது விமானம் ஏறிவிட்டார். அதன்பிறகு வந்தவர் நகரியிலேயே விசைத்தறிக்கு நூல் எடுத்துப் போகும் வேனை ஓட்டுகிறவர். மூன்று தடவை வந்தார். நாலாவது தடவை அவள் கூப்பிடாமலே வந்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

“ஏன்க்கா நீ இப்படி?” என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன்.

“அதான் அன்னிக்கே சொன்னனே. ஒரு வாட்டி சொன்னா போதாதா உனக்கு?” என்றாள்.

எந்த நாளும் அவள் சொன்னதில்லை. நானும் பிறகு கேட்கவில்லை.

எங்கள் நைனாவுக்குப் புத்தூர்ப் பக்கத்தில் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை. தம்பி குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு எங்கள் ஊர்ப் பூத்துக்குப் போன் பண்ணுவான். நைனா ஒரு மணி நேரம் முன்பே போய்க் காத்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, பூத்துக்கு வெளியே அவர் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். “இன்னா நைனா?” என்றேன். “மோட்டார் பைப்ப தூக்கனேன், புடிச்சிக்கினு கீது” என்றார். போனில் மகனிடம், “எனுக்கு இன்னாடா, குண்டுகல்லு மாரி கீறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் எலும்பில் வலி என்றால் முதலில் புத்தூர்க் கட்டுத்தான். எண்ணெயும் துணியுமாகக் கட்டிக்கொண்டு வந்தார். குறையவில்லை. இரண்டாவது தடவை போனபோது கட்டுக் கட்டுகிறவர் முதுகெலும்பைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டுத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். “இது உழுந்த எலும்பு இல்ல பெரியவரே. இது வேற இன்னாவோ. என் கையில ஆவாது, ஆஸ்பத்திரிக்குப் போ” என்று நேராகச் சொன்னார். இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு மரியாதைதான்.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நைனா நன்றாக மெலிந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. வயிறு உப்புசமாக இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். டாக்டர் வரிசையாக ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். அதில் அமைலேஸ் என்று ஒன்று. சோற்றிலும் கிழங்கிலும் இருக்கிற மாவைக் கரைக்கிற நொதி அது. வாயில் எச்சிலோடும், வயிற்றுக்குள் கணையத்திலும் சுரக்கும். ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் இருக்க வேண்டும். கணையம் வீங்கிப் புண்ணானால் ரத்தத்தில் ஏறிவிடும்.

ரத்தம் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. அக்கா மெஷினில் வைத்தாள். நூறுக்குள் இருக்க வேண்டிய நம்பர். மெஷின் நம்பரே காட்டாமல், என்னால் அளக்க முடியாது என்பதுபோல ஒரு குறியைக் காட்டியது. உப்புத்தண்ணீர் கலந்து பத்து மடங்கு நீர்க்கவைத்துப் பார்த்தாள். இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. பென்சிலால் எழுதினாள்.

“யாரோட எச்சியோ பட்டுக்கீது” என்றாள். எச்சிலில் அமைலேஸ் கொட்டிக் கிடக்கும். பேசும்போது ஒரு துளி தெறித்து ரத்தத்தில் விழுந்தாலே நம்பர் எகிறிவிடும். “இங்க வாயடிக்கறது யாரு? எல்லாரும் வெளிய போங்க” என்று எங்களை விரட்டிவிட்டு, புடவைத் தலைப்பை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு இரண்டாவது தடவை பார்த்தாள். அதே நம்பர். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ரிப்போர்ட் போயிற்று.

கணையம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தார். முதுகு வலிகூட அதனால்தான் என்றார். அதில் தப்புச் சொல்லவும் முடியாது. கணையம் கெட்டால் வலி முதுகுக்குப் போகுமாம். கணையத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், வாய்வழியாக ஒன்றும் தரக்கூடாது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். நம்பர் இறங்கவில்லை.

நாலாவது நாள் காலையில் அக்காவே வார்டுக்கு வந்துவிட்டாள், அதே தலைப்புக் கட்டோடு. “நைனா, நான் ரத்தம் எடுக்கறவரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது” என்றாள். நைனா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஊசியை எடுத்ததும் கேட்டாள்: “வயித்துல வலி எப்படி கீது? உருட்டிப் போடுதா?”

“வயித்துல எங்கம்மா வலி? பசிதான். நாலு நாளா ஒண்ணுமே துன்ன உடமாட்டறானுங்க. எதுர் கட்டில்ல கீறவன் தோச துன்னும்போது எனுக்கு அழுவ வருது.”

“அப்ப வலி?”

“முதுவுலதான். முன்னாடி சொன்னனே.”

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

நைனா சொன்னார். அவள் முதுகில் கைவைத்து எந்த எலும்பு என்று கேட்டாள். பிறகு கை மாற்றி வைத்து மறுபடி கேட்டாள். பக்கத்தில் நின்றிருந்த அம்மாவுக்கு எரிச்சல். அக்கா போனதும், “அந்தப் பொண்ணு கையில ஊசியக் குடுத்தா உங்க நைனா ஒடம்புல ரத்தமே மிஞ்சாதுடி” என்றாள்.

அன்றைக்கு அக்கா அந்த ரத்தத்தை மூன்று தடவை பார்த்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, பழைய முறையில் கையால் கலந்து ஒரு தடவை பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. என் அப்பா பட்டினி கிடக்கிறார், இவள் விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

“ஒரு வாட்டியாவது நம்புக்கா!” என்று கத்திவிட்டேன். “உனுக்கு இது நம்பரு. எனுக்கு அவரு எங்க நைனா!”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த டியூபைத் தாங்கியில் வைத்தாள். தலைப்பை அவிழ்த்தாள். பென்சில் எழுத்தின்மேல் பேனாவால் அழுத்தி எழுதினாள்.

“நம்பிட்டேன்மே” என்றாள். “நம்பரு நெசம். அப்ப அவங்க சொல்ற கதைதான் பொய்யி.”

எனக்குப் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். “கணையம் இவ்ளோ கெட்டிருந்தா மனுஷன் வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டு கெடப்பாரு. தோச கேக்க மாட்டாரு. அமைலேஸ் வேற எங்கிருந்தோ வருது.”

அந்த ரத்தத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவள் யாரும் எழுதிக்கொடுக்காத சோதனைகளைச் செய்ய ஆரம்பித்தாள். கணையத்தில் சுரக்கிற லைபேஸ் என்ற இன்னொரு நொதியைப் பார்க்கப் பக்கத்துத் தெருவில் வேறொரு லேபுக்கு அனுப்பினாள். கணையம் கெட்டிருந்தால் அதுவும் ஏறியிருக்க வேண்டும். அது ஏறவே இல்லை. ரத்தத்தில் புரதம் எக்கச்சக்கமாக இருந்தது. சிவப்பணு எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்று பார்க்க உயரக் குழாயில் நிறுத்திவைத்த ரத்தம், கையை விட்டால் விழுகிற மாதிரி சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தனித்தனியாகக் கிடக்க வேண்டிய சிவப்பணுக்கள், அப்பளக் கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி நின்றன.

“இது இன்னா வியாதின்னு நான் சொல்லக் கூடாது. அது என் வேல இல்ல. ஆனா இது கணையம் இல்ல” என்றாள். கண்ணாடித் துண்டை எடுத்துத் திருப்பிவைத்து மறுபடி பார்த்தாள்.

லேப் டாக்டர் ஹைதராபாத் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க அவளுக்கு மனமில்லை. காகிதத்தையும் கண்ணாடித் துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் போனேன். வெளிநோயாளிகள் எல்லாம் போகும்வரை டாக்டர் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்றோம். உள்ளே போய் அவள் சொல்ல ஆரம்பித்ததும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்க டெக்னீஷியனா, டாக்டரா?” என்றார்.

“டெக்னீஷியன்தான் சார். அதனாலதான் டாக்டரைப் பாக்க வந்தேன்” என்றாள். காகிதத்தை அவர் மேசைமேல் வைத்தாள்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். லைபேஸ் நம்பரில் விரலை வைத்தார். புரத நம்பருக்கு வந்தார். “ஏதாவது எச்சில் பட்டு இருக்கலாமே?” என்றார் இறங்கிய குரலில்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். ஆறு வாட்டி பாத்துட்டேன்.”

“ஆறா?”

“கையால பாத்தத சேத்தா ஏழு.”

அவர் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, “முந்து ஆயனகி இட்லி பெட்டண்டி” என்றார். முதலில் அவருக்கு இட்லி கொடுங்கள். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை நான் பார்த்தேன். தப்பை ஒத்துக்கொண்ட அந்த மனிதர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நைனா அன்றைக்கு ஆறு இட்லி சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே சட்னி ஊற்றினாள்.

அந்த டாக்டரே வேலூருக்கு எழுதிக்கொடுத்து அனுப்பினார். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு மஜ்ஜையில் சில செல்கள் உண்டு, கிருமிகளோடு சண்டை போடுகிற புரதத்தைச் செய்வது அவற்றின் வேலை, உங்கள் அப்பாவுக்கு அவை கெட்டுப்போய்ப் பெருகி எலும்பை அரிக்கின்றன என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். மல்டிபிள் மைலோமா என்று பெயர். “ரொம்ப அபூர்வமா ஒருசிலருக்கு, அந்தச் செல்லுங்க தனக்குச் சம்பந்தமே இல்லாத வேலையையும் இழுத்துப் போட்டுக்கும். இவருக்கு அமைலேஸ் செய்யுது. அதுவும் கணையத்து ரகம் இல்லை, எச்சில்ல இருக்கிற ரகம்” என்றார். இந்த மாதிரி நொதி செய்கிற மைலோமா கொஞ்சம் முரட்டு ரகம் என்பதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஊருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். எச்சில் ரகம் என்றதும் அவள் மேசையைத் தட்டினாள். “பாத்தியா, நான் மொதல்லயே சொன்னேன், எச்சின்னு!” என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நைனாவோ இதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம், “எலும்புக்குள்ள எச்சி ஊறுதாம்யா எனுக்கு. லட்சத்துல ஒர்த்தனுக்குத்தான் வருமாம்” என்பார். மாத்திரைகள் வேலை செய்தன. முதுகு வலி குறைந்தது. இரண்டாயிரம் என்றிருந்த அமைலேஸ் ஆயிரத்துக்கு வந்தது, ஐந்நூறுக்கு வந்தது, எட்டு மாதத்தில் நூற்றைம்பதுக்கு வந்து நின்றது. நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அந்த நொதியே சொல்லிவிடும், மாதாமாதம் பாருங்கள் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டுமா? மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அக்கா புத்தூரில் இறங்கி எங்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். ஊசி போடும்வரை நைனா வாயை மூடிக்கொண்டிருப்பார். அது தேவையில்லை என்று தெரிந்தபிறகும் அவள் விடவில்லை.

அவளைக் கேலி செய்வதற்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால், “இது சோறுதானான்னு இன்னொரு வாட்டி பாத்துக்கம்மா” என்பார். தம்பி குவைத்திலிருந்து ஒரு கைக்கடிகாரம் அனுப்பினான். வந்து சேரும்போதே அது நின்றுபோயிருந்தது. அதை அவளிடம் கொடுத்து, “இந்தா, நீயே கட்டிக்க. ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி சரியா காட்டும்” என்றார். அம்மாவும் சேர்ந்துகொள்வாள். “நீ சமைச்சா உப்பு எப்படிம்மா? மள்ளி மள்ளி போட்டுருவியே” என்பாள். அக்கா சிரிக்காமல், “உப்பு ஒரு வாட்டிதான் போடுவேன். ருசிதான் நாலு வாட்டி பாப்பேன். அதுக்குள்ள கொழம்பு பாதியாயிடும்” என்பாள். இரண்டரை வருஷம் அப்படிப் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வியாதி இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

ஒரு திங்கட்கிழமை நைனாவின் நம்பர் எனக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. கேட்டதற்கு, “கெமிக்கல் தீந்துடிச்சி” என்றாள். கெமிக்கல் புட்டி அலமாரியில் நிறைய நின்றது. புதன்கிழமை மதியம் அவள் பக்கத்துத் தெரு லேபிலிருந்து வருவதைப் பார்த்தேன். வியாழக்கிழமை, பின்பக்கம் கை கழுவும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மெஷின் சொன்னதை அவள் அத்தனை வருஷம் சந்தேகப்பட்டிருக்கிறாள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த நாலு நாள்தான்.

“எவ்ளோக்கா?” என்றேன்.

“எண்ணூறு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “போன மாசம் நூத்தறுவது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுக்கும் பை இல்லாமல் வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாள். நான் சொல்கிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நைனாவுக்கு எதிரில் உட்கார்ந்து, “நைனா, மறுபடி ஏறிடிச்சி” என்றாள்.

நைனா அவளைப் பார்த்தார். “எத்தினி வாட்டி பாத்த?”

“ஒம்போது.”

“வேற எடத்துல?”

“பாத்துட்டேன். வேற ஆள வுட்டும் பாக்கச் சொன்னேன்.”

“ஒம்போது வாட்டி” என்று நைனா சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “எனுக்குப் பொறந்ததுங்ககூட என்னைப் பத்தி ஒம்போது வாட்டி யோசிச்சிருக்காதும்மா. சரி, அத்த உடு. கை கழுவினு வா, துன்னலாம்” என்றார். அக்கா அன்று ருசி பார்க்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள்.

வேலூரில் மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். நோய் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். தம்பி குவைத் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா எப்போதும் போல முதல் வண்டியில் வந்தாள். ரத்தம் எடுப்பது நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது. சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வருவாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அம்மா, “ஏங்க, ஏங்க” என்று நைனாவின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். தம்பி டாக்டரைக் கூட்டிவர ஓடினான்.

அக்கா கட்டிலருகே மண்டியிட்டு நைனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். அவள் கையை எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

“இன்னொரு வாட்டி பாரும்மா” என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு நைனாவின் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மூன்று விரல்களை மணிக்கட்டில் பதித்து, தலையைக் குனிந்து, அவசரமே இல்லாமல், மறுபடியும் பார்த்தாள்.